தென்னாற்காடு ஜில்லா உருகி ஓடிய வகுப்பு

1

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் பள்ளிக் கமிட்டி கூடியது. ஆறாம் வகுப்பில் வியாழன்தோறும் நடக்கும் கைவேலை வகுப்பை நிறுத்திவிடுவது என்று தீர்மானம். சம்மதம் உள்ளவர்கள் கையைத் தூக்கலாம் என்றார் தலைவர். அறையில் இருந்த அத்தனை கையும் மேலே போனது. நான் மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தலைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வகுப்பை நடத்துகிறவள் என் மகள் மெஹருன்னிசா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிந்து, ஓஹோ அதனால்தானா என்று நீங்கள் உதட்டைப் பிதுக்க வேண்டாம். ஆமாம், அதனாலும்தான்.

இது பினாங்கில் நம் ஊர்ப்பக்கத்து ஆட்கள் சங்கமாகச் சேர்ந்து நடத்தும் சின்னத் தமிழ்ப் பள்ளி. மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு மெஹர் கணக்கும் பூகோளமும் சொல்லிக்கொடுக்கிறாள். வியாழக்கிழமை வந்தால் புத்தகத்தை மூடிவிடுவாள். பால்டின் மூடியிலும் கயிற்றிலும் தராசு கட்டி மணலை நிறுப்பார்கள். முடிச்சுப் போட்ட கயிற்றால் பள்ளி முற்றத்தை அளந்து பரப்பளவு போடுவார்கள். களிமண்ணை உருட்டி நூலால் அறுத்து அரை, கால், அரைக்கால் என்று பின்னம் கற்பார்கள். வீட்டுக்குப் போகும்போது வெள்ளைச் சட்டையில் மண் இருக்கும். தாய்மார்கள் புகார் சொன்னார்கள். அடுத்த வருடம் அரசாங்கப் பரீட்சை இருக்கிறது, அதற்குப் பாடத்தை உருப்போட வைக்காமல் மண்ணைப் பிசைகிறார்களே என்று தகப்பன்மார்கள் புகார் சொன்னார்கள். கமிட்டித் தலைவர் காதர் ஹாஜியார், அரிசி மொத்த வியாபாரி, எல்லாப் புகாரையும் பொறுமையாகக் கேட்டு இந்தத் தீர்மானத்துக்குக் கொண்டுவந்தார்.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம். கொஞ்சம் என்ன, நன்றாகவே சொல்கிறேன், என்னை விட்டால் சொல்ல ஆளில்லை.

நான் மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. விருத்தாசலத்தில் வைக்கோல் கட்டிப் பீங்கான் சாமானை லாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தவன், இன்று பினாங்கில் இரண்டு பீங்கான் கடைக்குச் சொந்தக்காரன். காலையில் கடையைத் திறந்து, தட்டுகளைத் துடைத்து, கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி முடிப்பதற்குள் பக்கத்துக் கடைக்காரர் 'பசியாறியாச்சா' என்பார். இங்கே அப்படித்தான் கேட்கிறார்கள். முதலில் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது என் வாயிலும் அதுதான் வருகிறது. மலாய்க்காரர்கள் சாப்பிடும் தட்டையே பிங்கான் என்கிறார்கள். நான் பாஷை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை, பாஷைதான் எனக்காகக் காத்திருந்தது.

அடையாள அட்டை மட்டும் காத்திருக்கவில்லை. எனக்கு இன்னும் சிவப்பு அட்டைதான், இந்த நாட்டுக் குடிமகன் இல்லை என்று அர்த்தம். நீல அட்டைக்காக எத்தனையோ தடவை போய் நின்றாயிற்று. ஒரு தடவை கவுன்டரில் இருந்த பையன் படிப்பு என்ன என்றான். மூன்றாம் வகுப்பு என்றேன். அவன் அந்தக் கட்டத்தில் 'தியாடா' என்று எழுதினான். தியாடா என்றால் இல்லை என்று அர்த்தம். தம்பி, மூணு வருஷம் ஒண்ணும் இல்லையா, அதுல ஒரு வாத்தியார்கிட்ட எவ்வளவு அடி வாங்கியிருக்கேன் தெரியுமா என்று தமிழிலேயே கேட்டேன். அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

இளைய மகன் பஷீர் இங்கேயே வளர்ந்தவன். என்னோடு பேசும்போது பாதி வாக்கியத்தில் தமிழ் தீர்ந்துபோய் மலாயில் முடிப்பான். விருத்தாசலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மெட்ராஸ் பக்கம் என்கிறான். மெட்ராஸ் பக்கமாம். சூளை என்றால் என்னவென்று அவனுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. இவனைப் பார்க்கும்போது எனக்கு மெஹர் இன்னும் பெரிதாகத் தெரிகிறாள். அவள் சூளையைக் கையால் தொட்டு அறிந்தவள். அந்தக் கதையைத்தான் கமிட்டியில் எழுந்து நின்று சொன்னேன்.

3

அறுபத்தைந்தோ அறுபத்தாறோ இருக்கும். மெஹர் ஏழாம் வகுப்பு. பள்ளியில் கைத்தொழில் பாடம் என்றால் தக்ளியில் நூல் நூற்பது. அந்த வருடம் மேலிடத்திலிருந்து பஞ்சு வரவில்லை. பஞ்சு இல்லாமல் தக்ளியைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார்கள் பிள்ளைகள். வகுப்பாசிரியை வேதவல்லி டீச்சர், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பிரைவேட் பஸ்ஸில் தினம் வந்து போகிறவர், பஞ்சு இல்லைன்னா மண்ணு இருக்குதே என்று சொல்லிப் பிள்ளைகளை மணிமுத்தாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

தென்னாற்காடு ஜில்லாவைக் களிமண்ணில் செய்வது என்று முடிவு. தாலுகாவுக்கு ஐந்தாறு பிள்ளைகள். கள்ளக்குறிச்சிக்காரர்கள் மலையை உயர்த்தினார்கள். கடலூர்க்காரர்கள் கரையைச் சீவிச் சரித்தார்கள். மெஹருக்கு எங்கள் தாலுகாவே கிடைத்தது. மணிமுத்தாறு எங்கே திரும்பி வெள்ளாற்றில் விழுகிறது என்று அவள் விரலால் வாய்க்கால் இழுத்திருந்தாள். எல்லாத் துண்டையும் தரையில் சேர்த்து வைத்து, மலையின் மேல் செம்பால் தண்ணீர் ஊற்றினால் அது ஆற்றோடு ஓடிக் கடலுக்குப் போக வேண்டும். போகிற வழியைப் பிள்ளைகள் தாங்களே பார்க்க வேண்டும். அதுதான் டீச்சரின் பாடம்.

ஊற்றினார்கள். தண்ணீர் சரியாகத்தான் ஓடியது. ஆனால் பச்சை மண் அல்லவா, சிதம்பரம் தாலுகா கரைந்து கடலோடு போய்விட்டது. அந்தத் தாலுகாப் பிள்ளைகளுக்கு அழுகை.

சுட்டால்தான் நிற்கும் என்று தெரிந்துபோனது. வகுப்பில் ஒரு குயவர் வீட்டுப் பையன் இருந்தான், எங்க சூளையிலேயே வச்சுடலாம் டீச்சர் என்றான். சேதி என் வீட்டுக்கு வந்தது. நான் விடுவேனா? கலியமூர்த்தியின் செராமிக் தொழிற்கூடத்தில் கப்பும் ஊறுகாய் ஜாடியும் பார்சல் கட்டுவது என் பொறுப்பு. வைக்கோல் வைத்து நான் கட்டிய பெட்டி கல்கத்தா வரைக்கும் போய் ஒரு கப்புக்கும் காதுடையாமல் இறங்கும். அந்த மரியாதையில் போய்க் கேட்டேன். ஒரு மூலையில வச்சுக்கச் சொல்லுங்க ராவுத்தரே என்றார் கலியமூர்த்தி. குயவர் சூளை எதற்கு, என் மகள் வகுப்பு செராமிக் சூளையில் வேகட்டும் என்று எனக்கு ஒரே மிதப்பு.

இந்த மிதப்பு பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொண்டது. செராமிக் சூளைக்குப் போகிற ஜில்லா இப்படிக் கறுப்பாகவா போவது? எல்லாத் துண்டுக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒரு பூச்சு போதாது என்று இரண்டு பூச்சு. வெள்ளை வெளேர் என்று, கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி அது தள்ளுவண்டியில் போனது.

4

இங்கே ஒரு விஷயம் வெளியூர்க்காரர்களுக்காக. எங்கள் ஊரில் இரண்டு நெருப்பு உண்டு. குயவர் சூளையின் நெருப்பு சட்டிப் பானைக்கு. செராமிக் சூளையின் நெருப்பு அதைவிடப் பல மடங்கு கடுமை, நெய்வேலிப் பக்கத்திலிருந்து வரும் வெள்ளை மண்தான் அதைத் தாங்கும். ஆற்று மண் தாங்காது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சூளைக்காரருக்கும் தெரியும். ஆனால் அவர் பார்த்தது சுண்ணாம்பு அடித்த வெள்ளைத் துண்டுகளை. நம்ம மண்ணில்தான் செய்திருக்கிறார்கள் என்று நினைத்து மேல் அடுக்கில் ஏற்றிவிட்டார். வேதவல்லி டீச்சர், செராமிக்காரர்களுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டார். நான், நான் இருக்கும்போது என்ன ஆகும் என்று இருந்துவிட்டேன்.

சூளை ஆறி, வாசலில் அடைத்த கல்லை எடுத்தார்கள். நானும் நின்றேன். மேல் அடுக்கில் ஜில்லா இல்லை. கறுப்பும் பழுப்புமாக ஏதோ பாகு மாதிரி உருகி, அடுக்கின் கல்பலகை விளிம்பில் வழிந்து, கீழே வரிசையாக நின்ற ஜாடிகளின் தலையில் இறங்கி உறைந்திருந்தது. ஜாடியும் பலகையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வர மறுத்தன.

சூளைக்காரர், "வெள்ளையா இருந்துதே, வெள்ளையா இருந்துதே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கலியமூர்த்தி என் பக்கம் திரும்பினார்.

"ராவுத்தரே, உங்க ஜில்லா என் ஜாடி மேல உக்காந்துக்கினு இருக்குது. எடுத்துக்கினு போங்க."

5

கலியமூர்த்தி பள்ளிக்கு வேண்டியவர். கொடியேற்றத்துக்கு மிட்டாய் அவருடையது. அன்று மத்தியானமே தலைமையாசிரியருக்குச் சேதி போய்விட்டது. திங்கட்கிழமையிலிருந்து மண் வேலை கிடையாது, கைத்தொழில் நேரத்தில் பிள்ளைகள் காப்பி எழுத வேண்டும் என்று உத்தரவு. டீச்சர் மேல் மேலிடத்துக்கு எழுதப்போவதாகவும் பேச்சு.

வீட்டில் என் மனைவி ஜொஹரா இதற்காகவே காத்திருந்த மாதிரி பேசினாள். பொம்பளைப் புள்ளை மண்ணு சுமக்கறதுக்கு ஸ்கூலு எதுக்கு, வூட்டுலயே நிக்கட்டும் என்றாள். எங்கள் தெருவில் அந்த வயதில் பெண்ணை நிறுத்துவதுதான் வழக்கம். ஒரு காரணம் வேண்டியிருந்தது, அது ஜாடி வடிவத்தில் வந்துவிட்டது. மெஹர் உருகிய கட்டி ஒன்றை எடுத்து வந்து வைத்திருந்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மறுநாள் தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றேன். அவர் நாற்காலி காட்டவில்லை, நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். உங்க பொண்ணை நிறுத்தப்போறீங்களாமே, நல்ல முடிவு பாய் என்றார். யார் சொன்னது, நிறுத்துறதா இருந்தா ஜாடி ஒட்டிக்கறதுக்கு முன்னாடியே நிறுத்தியிருப்பேன், இப்ப நிறுத்துனா என் புள்ளை தப்பு பண்ணுச்சுன்னு ஆயிடும், நிறுத்த மாட்டேன் என்றேன். அந்த நிமிடம் வரை அப்படி ஒரு முடிவு எனக்கே தெரியாது. அவர் முகத்தைப் பார்த்ததும் வந்தது. வந்த முடிவை நான் மாற்றுவதில்லை.

மண் வேலை பள்ளியில்தானே கிடையாது? வேதவல்லி டீச்சர், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிடைக்கும் நேரத்தில் என் பார்சல் கொட்டகைக்கு வந்துவிட்டார். வைக்கோல் போருக்கு நடுவே பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். உருகிய கட்டியை நடுவில் வைத்து டீச்சர் கேட்டார்.

"இது ஏன் உருகுச்சு? எனக்கும் சரியாத் தெரியாது. நீங்க சொல்லுங்க."

மண்ணு சரியில்லை என்றான் ஒருவன். நெருப்பு ஜாஸ்தி என்றது ஒரு பெண். சுண்ணாம்புதான் காரணம் என்றாள் மெஹர். மூன்றையும் பார்த்துவிடலாம் என்றார் டீச்சர். ஆற்று மண்ணில் கொஞ்சம், சுண்ணாம்பு கலந்த ஆற்று மண்ணில் கொஞ்சம், வெள்ளை மண்ணில் கொஞ்சம் என்று சுண்டுவிரல் அளவுக்கு உருட்டி, ஒவ்வொன்றையும் ஒரு காதுபோன கப்புக்குள் நிறுத்தினார்கள். ஒரே மாதிரி கப்புகள் இரண்டு கூட்டம். ஒன்று குயவர் சூளைக்கு, ஒன்று செராமிக் சூளைக்கு. கப்புக்குள் இருப்பதால் வழிந்தாலும் கீழே போகாது. சூளைக்காரருக்கு மனசு உறுத்தல் இருந்தது, முதலாளிக்குச் சொல்லாமல் அடியில் வைத்துக்கொடுத்தார்.

வந்தபோது பார்க்க வேண்டும். குயவர் சூளையில் மூன்றும் நின்றிருந்தன. செராமிக் சூளையில் வெள்ளை மண் நின்றது. ஆற்று மண் முழங்கால் மடங்கிய மாதிரி சாய்ந்திருந்தது. சுண்ணாம்பு கலந்தது ஆளையே காணோம், கப்பின் உள்பக்கம் முழுக்கப் பரவிப் பழுப்பாகப் பளபளத்தது. மெஹர் விரலை உள்ளே விட்டு வழுக்கிப் பார்த்தாள். மண்ணும் காரணம், நெருப்பும் காரணம், சுண்ணாம்பும் காரணம். மூன்று பேர் சொன்னதும் சரி. பிள்ளைகளுக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள். யார் கெலித்தது என்று சண்டை போட வழியே இல்லை.

6

சுண்ணாம்பைப் பாதியாகக் குறைத்தால் என்ன ஆகும் என்று மெஹர் கேட்டாள். அவ்வளவுதான், அந்தப் பருவம் முழுக்க என் கொட்டகையில் கரண்டி கரண்டியாக அளந்து கலக்கி, உடைந்த சில்லுகளில் பூசி, சூளைக்காரர் தயவில் சுட்டுப் பார்த்தார்கள். விகிதக் கணக்கு அந்த வைக்கோலில் உட்கார்ந்துதான் அவளுக்குப் பிடிபட்டது. ஒரு கலவை வழியாமல், சுருங்காமல், சில்லின் மேல் பழுப்புத் தோல் மாதிரி அழகாக உட்கார்ந்தது.

கலியமூர்த்தி ஒருநாள் பார்சலைப் பார்க்க வந்தவர் அந்தச் சில்லைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சில்லு எங்க மண்ணு, மேல இது என்னா பூச்சு என்றார். ஆத்து மண்ணு, புள்ளைங்க பூசுனது என்றேன். மறுபடி கீழே வைக்கவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

சில மாதம் கழித்து அவர் ஜாடிகளுக்குக் கழுத்தில் பழுப்புப் பூச்சு வந்தது. அதுவரை அந்தப் பளபளப்புக்கான கிளேஸ் பொடியை வெளியூரிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தார். அதே வாரம் தலைமையாசிரியரிடம், புள்ளைங்க ஆசைப்பட்டா மண்ணுல செய்யட்டுமே, என்னா கெட்டுப்போச்சு என்று சொல்லி அனுப்பினார். மண் வேலை வகுப்புக்குள் திரும்பி வந்தது. டீச்சர் மேல் எழுதுகிற பேச்சும் அடங்கியது. நன்றி என்று ஒரு வார்த்தை கலியமூர்த்தி வாயிலிருந்து கடைசி வரை வரவில்லை. வேண்டாம். அந்த ஜாடிகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் இறக்கியது இந்தக் கைதான். ஒவ்வொன்றின் கழுத்தையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறக்கினேன்.

மெஹர் எஸ்.எஸ்.எல்.சி. வரை போனாள். எங்கள் தெருவில் முதல் பெண். அதற்குள் நான் பினாங்கில் இருந்த மச்சானின் கடைக்காக நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிவிட்டேன். பேப்பர் எல்லாம் சரியாகிக் குடும்பத்தையும் கூப்பிட்டுக்கொண்டேன்.

7

இதையெல்லாம் கமிட்டியில் சொன்னேன், இதைவிட நீட்டியே சொன்னேன். இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். காதர் ஹாஜியார் முடியும் வரை கேட்டார். அவர் மரியாதை தெரிந்தவர், அதை நான் மறுக்கவில்லை.

"கதை நல்லா இருக்குது பாய். ஆனா பரீட்சையில ஜாடி வராது."

சிரித்தார்கள். உங்க மகள்ங்கிறதால பேசுறீங்க என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆமா, என் மகளுக்காகத்தான் பேசுறேன், வேற யார் மகளுக்காகப் பேசணும், நீங்க உங்க புள்ளைக்காகத்தானே கையைத் தூக்குனீங்க என்றேன்.  தூக்கிய கையை யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

வீட்டுக்கு வந்து மெஹரிடம் வீரமாகச் சொன்னேன். அவள் என்னை மெச்சுவாள் என்று பார்த்தால், முகம் சுருங்கிப்போனது.

"அத்தா, நீங்க ஜாடியைப் பத்திச் சொல்லியிருக்கவே கூடாது."

"ஏம்மா? அதானே கதையே."

"அது இல்ல கதை. ஜாடி வந்ததாலதான் அந்த வகுப்பு நல்லதுன்னு ஆயிடுது. ஜாடி வரலன்னா? அப்பவும் நல்லதுதான். ஏன் உருகுச்சுன்னு உக்காந்து பார்த்தமே, அதோட முடிச்சிருக்கணும்."

"ஜாடியும் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு அத்தா."

"அப்ப சொல்லுவேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலை பள்ளிக்குப் போகிற வழியில் ஹாஜியாரின் அரிசிக் கிட்டங்கிக்குப் போயிருக்கிறாள். நான் அனுப்பவில்லை. மருமகன் துறைமுகத்தில் கிளார்க், பொறுமையான பிள்ளை, அவருக்கும் தெரியாது. அவள் சொன்னது இவ்வளவுதான் என்று பிறகு ஹாஜியாரே எனக்குச் சொன்னார்: வியாழக்கிழமை வகுப்பை நான் நிறுத்தமாட்டேன் மாமு, நிறுத்தணும்னா வேற டீச்சரைப் பாருங்க, அவங்க வர்ற வரைக்கும் நடத்திக்கிட்டு இருப்பேன்.

என் மகளுக்கு வேலை போய்விடும் என்று இந்த ஊரில் நாலு பேர் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். மகளைக் கண்டிக்கச் சொன்னார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்து சிரித்தேன். வேலை போனால் போகட்டும். அவள் நிற்கிற இடத்தை நான் பார்த்துவிட்டேன். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு அந்தச் சுருக்கம் வராது, நீங்களே பார்க்கிறீர்கள்.

8

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காதர் ஹாஜியார் ஊருக்கு எழுதியிருக்கிறாராம். விருத்தாசலம், பெண்ணாடம், கம்மாபுரம் பக்கத்தில் டீச்சர் டிரெயினிங் முடித்து வேலைக்குக் காத்திருக்கிறவர் யாராவது இருந்தால் பேப்பர் எல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாராம். இதைப் படிக்கிறவர்களில் அப்படி ஒருவர் இருக்கலாம். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது உண்டு.

தாராளமாக வாருங்கள். ஊர் நல்ல ஊர். மழை அடிக்கடி வரும், குடை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் ஒன்றும் இருக்காது, பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். வியாழக்கிழமை நீங்கள் உள்ளே போகும்போது எல்லோரும் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு நிற்பார்கள். மேசையில் அவர்களே கட்டிய தராசு தொங்கும். டின்னில் ஈரத் துணி போட்டு மூடிய மண் இருக்கும். இன்றிலிருந்து இது கிடையாது என்று அந்த முகங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நீங்கள். கமிட்டி வந்து சொல்லாது. ஹாஜியார் வந்து சொல்ல மாட்டார், அவருடைய பேத்தி மூன்றாவது பெஞ்சில் கையை மடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அப்படிச் சொல்ல வாய் வருகிறவர் விண்ணப்பம் போடுங்கள். கப்பல் வருகிற அன்று துறைமுகத்துக்கு நானே வந்து உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொள்கிறேன். பள்ளி கொஞ்சம் தூரம். நடந்தே கூட்டிப்போவேன், வழி நெடுக என் மகளைப் பற்றித்தான் பேசுவேன்.